பாங்கர், காதர், லேட்டரைட்: மேல்நிலை வகுப்புப் புவியியலின் சொல் வரலாறு

(நீண்ட பதிவு. புவியியல் ஆசிரியர்களும் மொழியியல் மாணவர்களும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.)

சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் பயிலும் ஒரு மாணவருக்குப் புவியியல் தனிப் பாடமாக வாய்ப்பது 11ஆம் வகுப்பில்தான். 10ஆம் வகுப்புவரை அது வரலாறு, அரசியல், பொருளியல் ஆகியவற்றோடு சேர்ந்து சமூக அறிவியலின் ஒரு பகுதியாக இருக்கிறது. மேல்நிலையில் ஆண்டுக்கு மூன்றாக இரண்டாண்டுகளுக்கு ஆறு நூல்கள். எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண்கள், செய்முறைக்கு 30. இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவரை முதலில் எதிர்கொள்வது சொற்களின் பெருந்திரள்: பாங்கர், காதர், பாபர், தராய், ரேகர், லேட்டரைட், கோண்டுவானா, ஜூம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி வரையறை உண்டு. தேர்வில் அந்த இரண்டு வரிகளே கேட்கப்படும். ஆகவே மாணவரும் அவற்றை மனனம் செய்துகொள்வார்.

மொழியியல் பயின்ற கண்ணோடு இந்நூல்களை வாசிக்கும்போது வேறொரு வினா எழுகிறது. இச்சொற்கள் யாருடையவை? யார் வாயிலிருந்து, யார் கைவழியாக இவை பாடநூலை வந்தடைந்தன? இவ்வினாவுக்கு விடை தேடினால், இந்தியாவில் புவியியல் என்னும் பாடம் உருவான வரலாறே தென்படத் தொடங்குகிறது. அண்மையில் அப்பாடம் எதை இழந்தது என்பதும் விளங்குகிறது.

1. பாடத்தின் பெயர்

முதலில் பாடத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். இந்தி, வங்காளம், மராத்தி மூன்றிலும் இப்பாடத்தின் பெயர் ‘பூகோள்’ என்னும் வேரிலிருந்து வருகிறது. உருதுவில் ‘ஜுக்ராஃபியா’, கிரேக்கச் சொல் அரபு வழியாக வந்து தங்கிய வடிவம் அது. தமிழில் பூமி சாஸ்திரம், பூகோளம், புவியியல் என மூன்று பெயர்கள் அடுத்தடுத்து வழங்கியுள்ளன. ரேனியஸ் எழுதிய ‘பூமி சாஸ்திரம்’ 1832இல் வெளிவந்தது.

‘பூகோளம்’ என்னும் சொல்லை உற்று நோக்கினால் அதற்குள் ஒரு வாதம் இருப்பதைக் காணலாம். கோளம் என்றால் உருண்டை. புராண மரபில் உலகம் மேருவைச் சூழ்ந்த ஏழு தீவுகளாகவும் ஏழு கடல்களாகவும் விரிகிறது. அதே காலத்தில் வானியலாளரின் சித்தாந்த மரபோ பூமியை உருண்டை என்றே கொண்டது. ஆரியபடர் 499இலும் இரண்டாம் பாஸ்கரர் 1150இலும் எழுதிய நூல்கள் இம்மரபைச் சார்ந்தவை. இரு மரபுகளும் பல நூற்றாண்டுகள் ஒன்றையொன்று முற்றாக வெல்லாமல் அருகருகே வாழ்ந்தன.

19ஆம் நூற்றாண்டில் பள்ளிகளுக்குப் புவியியல் நூல்கள் தேவைப்பட்டபோது இந்தப் பழைய வேறுபாடு உயிர்பெற்றது. கல்கத்தாப் பள்ளிநூல் சங்கம் 1817இல் தோன்றியது. போபாலை அடுத்த சீஹோரில் பணியாற்றிய லான்சலாட் வில்கின்சன், சித்தாந்த நூல்களையே பாடமாக்கினால் புராண உலகப் படத்திலிருந்து புதிய வானியலுக்கு மாணவரைக் கொண்டுசெல்லலாம் என்று 1834இல் எழுதினார். அவரோடு பணியாற்றிய சுபாஜி பாபுவும் ஓம்கார் பட்டும் அக்கருத்தை மராத்தியிலும் இந்தியிலும் நூல்களாக்கினர். வங்காளத்தில் அக்ஷயகுமார் தத்தர் 1841இல் ‘பூகோள்’ என்னும் பாடநூலை வெளியிட்டார். வெளியிலிருந்து வந்த அறிவை ஏற்பதற்கு உள்ளிருந்தே ஒரு சொல் ஆயத்தமாக இருந்தது. பள்ளிப் புவியியலின் தொடக்கத்தில் இத்தகைய உரையாடல் நடந்தது என்பதை இன்றைய மேல்நிலை மாணவர் அறிவதற்கு அவருடைய நூல்களில் இடமில்லை.

2. அளந்தவரும் மனனம் செய்தவரும்

இதே காலத்தில் பள்ளிக்கு வெளியே வேறொரு புவியியல் நடந்துகொண்டிருந்தது. 1802இல் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை, பின்னர் இமயம்வரை நீண்டது. அதன் பிற்கால வரலாற்றில் ஒரு பள்ளி ஆசிரியர் வருகிறார். குமாவூன் மலைப்பகுதியில் ஜோஹார் பள்ளத்தாக்கைச் சேர்ந்த நைன் சிங் ராவத் கிராமப் பள்ளியில் கற்பித்தவர். ‘பண்டிட்’ என்று அளவைத்துறையில் அவர் அழைக்கப்பட்டதற்கு அதுவே காரணம். 1863இல் தேர்வாகிப் பயிற்சி பெற்ற அவர், 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகள் கோத்த மாலையால் தம் காலடிகளை எண்ணியபடி நடந்து 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். 1877இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

ஒரு பள்ளி ஆசிரியர் தம் காலடியால் நிலத்தை அளந்துகொண்டிருந்த நூற்றாண்டில், பள்ளிகளில் புவியியல் என்பது முனைகள், வளைகுடாக்கள், தலைநகரங்கள் ஆகியவற்றின் பட்டியலாகச் சுருங்கியிருந்தது. நிலத்தை அறியும் வேலை அரசின் அளவைத்துறைக்கும், அறிந்தவற்றின் பெயர்களை ஒப்பிக்கும் வேலை பள்ளிக்கும் என்று பிரிந்துவிட்டது. இந்தப் பிரிவினை இப்பாடத்தின் நெடுநாள் நோய்.

3. கல்லுக்குப் பெயர் வைத்த கதை

அரசின் அலுவலர்கள் நிலத்தை எவ்வாறு அறிந்தனர்? பெரும்பாலும், அந்நிலத்தில் உழைத்தவர்களிடம் கேட்டறிந்தனர். அதற்குச் சான்று சொற்களே.

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த பின்னர், மைசூர், கனரா, மலபார்ப் பகுதிகளை ஆராயுமாறு பிரான்சிஸ் புக்கானன் அனுப்பப்பட்டார். 1800, 1801 ஆண்டுகளில் பயணம் செய்து, 1807இல் நூலை வெளியிட்டார். இன்றைய மலப்புரம் மாவட்டத்திலுள்ள அங்காடிப்புறத்தில் அவர் ஒரு விந்தையான மண்ணைக் கண்டார். தோண்டும்போது மென்மையாக இருக்கும். கருவியால் சதுரமாக வெட்டலாம். காற்றுப் பட்டதும் இறுகிக் கல்லாகும். மக்கள் அதைக் கொண்டு வீடு கட்டினர். அந்த வட்டார மொழிகளில் அதற்குச் ‘செங்கல்லாகிய கல்’ என்னும் பொருள்படும் பெயர் வழங்குவதைப் புக்கானன் குறித்துக்கொண்டார். ‘இட்டிகை’ என்று பழந்தமிழிலும் வழங்கும் சொல்லோடு ‘கல்’ சேர்ந்த பெயர் அது. செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல் ‘லேட்டர்’. அதிலிருந்து அவர் ‘லேட்டரைட்’ என்னும் பெயரை உருவாக்கினார்.

மொழியியலில் இதைப் பெயர்ப்புக் கடன் என்போம்: சொல்லின் ஒலியை விட்டுப் பொருளை மட்டும் எடுத்து மற்றொரு மொழியில் வார்ப்பது. உலகெங்கும் மண்ணியலார் ஆளும் லத்தீன் தோற்றமுடைய அந்தச் சொல், உண்மையில் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொழிலாளர் வைத்த பெயரின் மொழிபெயர்ப்பு. மலப்புரத்து மாணவர் ஒருவர் ‘லேட்டரைட்’ என்பதை அயல்மொழிச் சொல்லாக எண்ணி மனனம் செய்கிறார். அவருடைய வீட்டுச் சுவரே அந்தக் கல்லால் கட்டப்பட்டிருக்கக்கூடும்.

லேட்டரைட் தனித்த நிகழ்வன்று. கரிசல் மண்ணுக்குப் பாடநூல் தரும் ‘ரேகர்’, தெலுங்கின் ‘ரேகடி’ என்பதன் திரிபு. ‘தோஆப்’ பாரசீகத்தில் இரு நீர். இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம். ‘தராய்’ ஈரம் மிக்க நிலத்தைக் குறிக்கும் வழக்குச் சொல். சிவாலிக் அடிவாரத்தில் 8 முதல் 10 கிலோமீட்டர் அகலத்தில் நீளும் பாபர்ப் பட்டையில் ஓடைகள் கூழாங்கற்களுக்கு அடியில் மறைகின்றன; அதற்குத் தெற்கே 10 முதல் 20 கிலோமீட்டர் அகலமுள்ள தராயில் மீண்டும் வெளிப்படுகின்றன. இது பாடநூல் தரும் செய்தி. குமாவூன் மலைமக்களுக்கு ஒரு காலத்தில் பாபர் என்பது குளிர்காலத்தில் கால்நடைகளோடு இறங்கிச் சென்று தங்கும் நிலம். ஓடை எங்கே மறையும், எங்கே வெளிப்படும் என்பது அவர்களுக்கு வாழ்வாதாரச் செய்தி. அந்த அறிவு வருவாய்த்துறை அறிக்கைகளில் ஏறி, அங்கிருந்து பாடநூலில் ஒரு வரையறையாக இறங்கியது.

‘பாங்கர்’ இன்னும் சுவையானது. வெள்ளம் எட்டாத மேட்டுப் பழைய வண்டல் பாங்கர். ஆண்டுதோறும் வெள்ளம் புதுப்பிக்கும் தாழ்ந்த வண்டல் காதர். இந்த இணைச்சொற்கள் ஒரு முழு வகைப்பாட்டையே தாங்கி நிற்கின்றன: உயரம், வெள்ளம், மண்ணின் வயது, விளைச்சல் ஆகிய நான்கும் இரண்டு சொற்களில் அடங்கியுள்ளன. நிலவரி விதித்தவர்களுக்கு இவை மிகவும் பயன்பட்டன என்பதில் வியப்பில்லை. கிரியர்சன் பதிப்பித்த இந்திய மொழியளவை 1903 முதல் 1928 வரை பல தொகுதிகளாக வெளிவந்தது. இன்று நாம் ஹரியான்வி என்று அழைக்கும் பேச்சுவழக்கு அதில் ‘பாங்கரூ’ என்று பதிவாகியுள்ளது. பாங்கர் நிலத்தின் பேச்சு பாங்கரூ. மண்ணின் பெயர் மொழியின் பெயராகவும் ஆயிற்று.

கோண்டுவானாவின் பயணம் இவை எல்லாவற்றினும் நெடியது. 1851இல் தோன்றிய இந்திய நிலவியல் அளவைத்துறையின் அறிஞர்கள், நடு இந்தியாவில் கண்ட பாறைத் தொகுதிக்குக் கோண்டு மக்களின் நாட்டுப் பெயரைச் சூட்டினர். ஆஸ்திரிய அறிஞர் எட்வர்ட் சூயஸ் 1885இல் அப்பெயரைத் தெற்கின் தொல் பெருங்கண்டத்துக்கு விரித்தார். இன்று கண்டப்பெயர்ச்சி பற்றிய பாடத்தில் உலகின் எந்த மாணவரும் அப்பெயரை உச்சரிக்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 29 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாய்மொழியாகக் கூறிய கோண்டி, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெறவில்லை. ஒரு பெருங்கண்டத்துக்குப் பெயர் தந்த மக்களின் குழந்தைகள் அந்தப் பாடத்தை வேற்றுமொழியிலேயே பயில்கின்றனர்.

‘ஜூம்’ வேளாண்மைக்கு நேர்ந்தது வேறு வகை. 12ஆம் வகுப்பு நூலில் அது மெக்சிகோவின் ‘மில்பா’, இந்தோனேசியாவின் ‘லதாங்’ ஆகியவற்றோடு சேர்ந்து வருகிறது. வடகிழக்கு மக்களின் சொல் ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது வைக்கப்பட்டிருக்கும் தலைப்பு ‘தொல்நிலைப் பிழைப்பு வேளாண்மை’. நாகாலாந்திலோ மிசோரமிலோ இப்பாடத்தை எடுக்கும் மாணவர், தம் முன்னோரின் உழவு மனித வளர்ச்சியின் எந்தப் படியில் இருந்தது என்னும் தீர்ப்பையும் அந்த வரையறையோடு சேர்த்தே கற்கிறார்.

4. கலையா, அறிவியலா?

விடுதலைக்குப் பின்னர் மேல்நிலைக் கல்வியில் இப்பாடத்துக்கு எங்கே இடம் தருவது என்னும் வினா எழுந்தது. 1952இல் அமைக்கப்பட்டு 1953இல் அறிக்கை தந்த இலட்சுமணசுவாமி முதலியார் குழு, உயர்நிலைப் படிப்பை ஏழு பிரிவுகளாகப் பிரிக்கப் பரிந்துரைத்தது. அதில் புவியியல் கலைப்பிரிவின் விருப்பப் பாடங்களிலும் இருந்தது, அறிவியல் பிரிவின் விருப்பப் பாடங்களிலும் இருந்தது. வணிகப் பிரிவில் வணிகப் புவியியலாகவும் இருந்தது. பாடத்தின் இயல்பை அக்குழு சரியாகவே உணர்ந்திருந்தது எனலாம். காற்றழுத்தமும் சந்தையும், பாறையும் குடிப்பெயர்ச்சியும் ஒரே பாடத்தில் வருவது புவியியலில் மட்டுமே.

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழுவின் வழியே 10+2 அமைப்பு வந்தது. விதிப்படி எவரும் எப்பாடத்தையும் சேர்த்துப் படிக்கலாம். நடைமுறையில் பெரும்பாலான பள்ளிகள் புவியியலை வரலாறு, அரசியல் அறிவியல் ஆகியவற்றோடு கட்டி வைத்தன. இயற்பியல் எடுத்த மாணவருக்கு நிலத்தின் வரலாறு கிட்டவில்லை. புவியியல் எடுத்த மாணவருக்குக் காற்றோட்டத்தின் பின்னுள்ள இயற்பியல் கிட்டவில்லை. சமன்பாடின்றிக் கற்பிக்கப்படும் வளிமண்டலவியல் மீண்டும் வரையறைகளின் பட்டியலாக மாறியது. 19ஆம் நூற்றாண்டின் முனைகளும் வளைகுடாக்களும் வேறு உடை உடுத்தித் திரும்பி வந்தன.

5. ஒரு மண்ணுக்கு மூன்று சொற்கள்

இதே காலத்தில் தாய்மொழிவழிக் கல்விக்கான கலைச்சொற்களும் உருவாயின. எஸ்.பி. சட்டர்ஜியின் தலைமையில் 1956இல் தொடங்கிய தேசிய நிலப்பட அமைப்பு தன் முதல் தேசிய நிலப்படத் தொகுப்பை 1957இல் இந்தியில் வெளியிட்டது. 1961இல் அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் அமைந்தது. இவை பெரும் உழைப்பின் விளைவுகள். இந்தியில் உயர் அறிவியல் எழுத இயலும் என்பதை நிறுவியவை.

ஆயினும் ஆக்கப்பட்ட சொற்களில் பெரும்பகுதி சமஸ்கிருத வேர்களிலிருந்து எழுந்தது. வீட்டில் ‘மிட்டி’ என்று வழங்கும் மண், இந்திவழிப் பாடநூலில் ‘ம்ருதா’ ஆனது. ஆகவே இந்திவழியில் பயிலும் கிராமத்து மாணவர் ஒரே பொருளுக்கு மூன்று சொற்களைச் சுமக்கிறார்: வீட்டுச் சொல், பாடநூலின் சமஸ்கிருதச் சொல், போட்டித் தேர்வுக்கான ஆங்கிலச் சொல். இம்மூன்றில் மதிப்பெண் பெற்றுத் தராதது வீட்டுச் சொல் ஒன்றே. தமிழ்ப் பாடநூல்கள் இவ்வகையில் சற்று நல்வாய்ப்புப் பெற்றவை. கரிசல், வண்டல், சரளை என்னும் உழவர் சொற்களே அவற்றில் கலைச்சொற்களாக நிற்கின்றன. கோவில்பட்டி மாணவருக்குக் கரிசல் பாடத்திலும் கரிசல்தான், காட்டிலும் கரிசல்தான்.

ஒரு மறுப்பு எழக்கூடும். வட்டாரச் சொற்கள் ஊருக்கு ஊர் மாறுபடும். அறிவியலுக்குப் பொதுச் சொல் வேண்டாமா? வேண்டும். ஆனால் பொதுச் சொல் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரஷ்ய அறிஞர் தக்குச்சாயெவ் 1883இல் எழுதிய புகழ்பெற்ற மண் ஆய்வின் தலைப்பிலேயே உள்ள ‘செர்னோசெம்’ என்பது கரிய மண்ணுக்கு ரஷ்ய உழவர் வழங்கிய பெயர். சுண்ணாம்புப் பாறை நிலங்களைப் பற்றி 11ஆம் வகுப்பு மாணவர் கற்கும் ‘டோலைன்’, ‘உவாலா’ ஆகியவை தென் ஸ்லாவிய மொழிகளின் நாட்டுப்புறச் சொற்கள். ‘ஃபியோர்டு’ நார்வே மீனவருக்கு அன்றாடச் சொல். உலகப் பொதுச் சொற்களில் பல, ஏதோ ஓர் ஊரின் வட்டாரச் சொற்களாகவே பிறந்தவை. அறிஞர் ஒருவர் அவற்றைக் கேட்டார், மதித்தார், எழுதினார், அவை பொதுவாயின.

6. நீங்கிய பக்கங்கள்

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளி அறிவைப் பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்வோடு இணைக்க வேண்டும் என்பதைத் தன் முதன்மை நெறிகளுள் ஒன்றாகக் கொண்டது. அதன்படி எழுந்த மேல்நிலைப் புவியியல் நூல்கள் குறையற்றவை அல்ல. ஆனால் மேலே கூறிய சொற்களுக்கு அவை இடம் தந்தன. 11ஆம் வகுப்பின் இந்திய இயற்கைச் சூழல் நூலில் மண் பற்றித் தனி அதிகாரம் இருந்தது. 12ஆம் வகுப்புச் செய்முறை நூலில் கள ஆய்வு பற்றித் தனி அதிகாரம் இருந்தது.

பெருந்தொற்றுக்குப் பின்னர், 2022இல், பாடச்சுமையைக் குறைக்கும் நோக்கில் என்.சி.இ.ஆர்.டி. மேற்கொண்ட சுருக்கத்தில் இவ்விரண்டு அதிகாரங்களும் நீங்கின. வேறு வகுப்புகளில் வரும் பொருள் மீண்டும் வரக்கூடாது என்பது அச்சுருக்கத்தின் அளவுகோல்களுள் ஒன்று. 10ஆம் வகுப்பில் மண்வகைகள் வருகின்றன என்பதும் உண்மையே. ஆனால் 10ஆம் வகுப்பில் எல்லோரும் மேலோட்டமாகக் கற்பதும், புவியியலைத் தாமே தேர்ந்தெடுத்த மாணவர் ஆழ்ந்து கற்பதும் ஒன்றாகா. உழவரின் அறிவு பாடநூலைத் தொட்ட இடம் மண் அதிகாரம். மாணவர் உழவரைத் தேடிச் செல்ல வழிசெய்த இடம் கள ஆய்வு அதிகாரம். இரண்டும் ஒருசேர நீங்கியது தற்செயலாக இருக்கலாம். அதன் விளைவு தற்செயலானதாக இராது.

நிலப்படப் பயிற்சியிலும் இத்தொலைவு நெடுநாளாக உண்டு. நிலப்படத் தாள்களை வாசிக்கக் கற்பிக்கும் செய்முறை நூல், கங்கைக்கரை மிர்சாபூர்ப் பகுதியைக் காட்டும் 63 கே/12 எண்ணுள்ள தாளின் ஒரு பகுதியைத் தருகிறது. நாடெங்கும் மாணவர்கள் அதே தாளில் பழகுகின்றனர். கடற்கரை, எல்லைப் பகுதித் தாள்கள் நெடுங்காலம் பொதுமக்களுக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால், பல ஆசிரியர்களுக்குத் தம் ஊரின் தாளைக் காட்டும் வாய்ப்பே இருக்கவில்லை. 2005இன் நிலப்படக் கொள்கையும் 2021இன் புதிய நெறிமுறைகளும் அக்கட்டைத் தளர்த்தியுள்ளன. பள்ளியின் பழக்கம் இன்னும் மாறவில்லை.

7. செய்யக்கூடியது

நீக்கப்பட்ட அதிகாரங்கள் திரும்ப வரவேண்டும் என்பது கோரிக்கை. அது நம் கையில் இல்லை. செய்முறைக்குரிய 30 மதிப்பெண்கள் பெருமளவு ஆசிரியர் கையில் உள்ளன. பதிவேட்டில் ஒரு பயிற்சியைச் சேர்க்க எவர் அனுமதியும் தேவைப்படாது. மாணவர் தம் ஊரில் நிலத்தோடு உழைக்கும் மூன்று முதியோரைச் சந்தித்து, மண்ணுக்கும் காற்றுக்கும் நீர்நிலைக்கும் அவர்கள் வழங்கும் சொற்களைக் கேட்டுக் குறிக்கட்டும். ஒவ்வொரு சொல்லும் எதிலிருந்து எதை வேறுபடுத்துகிறது என்று கேட்கட்டும். அச்சொற்களைத் தம் ஊரின் நிலப்படத்தில் இடம் குறித்து, பாடநூலின் வகைப்பாட்டோடு ஒப்பிடட்டும். எங்கே பொருந்துகிறது, எங்கே பாடநூல் ஒன்றாகச் சொல்வதை ஊர் இரண்டாகப் பிரிக்கிறது என்பதை எழுதட்டும். புக்கானன் அங்காடிப்புறத்தில் செய்தது ஏறத்தாழ இதுவே. ஒரு வேறுபாடு உண்டு: இம்முறை கேட்பவர் அந்த ஊரின் பிள்ளையாகவே இருப்பார், சொல்லியவரின் பெயரும் பதிவேட்டில் இருக்கும்.

இப்பதிவை வாசிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் மண்ணுக்கும் நிலத்துக்கும் வழங்கும் சொற்களைக் கீழே எழுதுங்கள். சொல், மொழி, வட்டம், பொருள் ஆகிய நான்கும் இருந்தால் போதும். பாடநூலில் இல்லாத சொற்களாக இருந்தால் மிகவும் நன்று.